சங்கிலியும் மோப்பமும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

வளர்ப்பு நாய்க்கு வேளைக்கு உணவும் நீரும், உரிய காலத்தில் தடுப்பூசியும் கிடைத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று கருதுகிறோம். அதற்கும் ஓர் உள்ளம் உண்டு. அவ்வுள்ளத்திற்கும் பசி உண்டு. அந்தப் பசி எத்தகையது, அதைத் தணிக்கும் வழிகள் யாவை என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

எங்கள் வீட்டு முற்றத்தில் வேப்பமரம் ஒன்று நின்றது. அதன் அடியில் வட்டமாக ஒரு தடம் இருந்தது. புல் முளைக்காத, மண் இறுகிப்போன தடம். சங்கிலியின் நீளமே அவ்வட்டத்தின் ஆரம். நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் வளர்ந்த இராசபாளையம் நாய், காலைமுதல் மாலைவரை அத்தடத்தில்தான் சுற்றிச்சுற்றி வந்தது. வேளை தவறாமல் அதற்குச் சோறு வைத்தோம். கோடையில் தண்ணீர்த் தொட்டியை நிழலுக்கு நகர்த்தினோம். ஆயினும், அது ஓயாமல் குரைத்தது. முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டது. எட்டிய உயரம்வரை மரப்பட்டையைக் கடித்துக் குதறியது. ஒருநாள் சங்கிலி அறுந்தபோது தெருவில் பாய்ந்தோடி, மிதிவண்டியில் வந்த ஒருவரை விரட்டி விழச்செய்தது. ‘இது மூர்க்கம் பிடித்த நாய்’ என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்தனர். தோட்டக் காவலுக்கென்று கேட்ட ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டோம். வண்டியில் ஏற்றியபோது அது என் கையை நக்கியது. அதற்கு இருந்தது மூர்க்கம் அன்று என்பதை நான் விளங்கிக்கொள்ள முப்பது ஆண்டுகள் ஆயின.

வேலை இழந்த உயிர்

மனிதர் பழக்கிய விலங்குகளுள் முதலாவது நாய். ஆட்டையும் மாட்டையும் பழக்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஓநாய்களின் வழிவந்த ஓர் இனம் மனிதரின் நெருப்பருகே வந்து அமர்ந்துவிட்டது. அது சும்மா அமர்ந்திருக்கவில்லை. வேட்டையில் இரையைத் தேடித் தந்தது, மந்தையை மடக்கியது, இருளில் அயலவர் வரவை அறிவித்தது. ஞமலி, ஞாளி என்னும் பெயர்களால் சங்க இலக்கியம் குறிப்பிடும் நாய்கள் பெரும்பாலும் வேட்டுவரோடு காடு செல்பவை. நாயின் இளமைப்பெயரைக் குருளை என்று தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கிறது. விலங்கின் இளமைக்கும் தனிப்பெயர் தரும் அளவுக்கு உற்றுநோக்கிய சமூகம் நம்முடையது.

அந்த உறவுக்குக் கல்லில் எழுதிய சான்றும் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. அதில் போரில் வீழ்ந்த வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனின் அருகே காவல் நின்றமையைக் கல்வெட்டு பதிவு செய்கிறது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒரு நாயின் பெயரை நாம் இன்றும் அறிவோம். அந்த நாய் கட்டுண்டு கிடந்திருந்தால் கல்லில் இடம்பெற்றிருக்காது.

தமிழகத்தின் நாட்டு நாயினங்கள் ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கென உருவானவை. கன்னியும் சிப்பிப்பாறையும் நீண்ட கால்களும் ஒடுங்கிய வயிறும் உடையவை. கரிசல் வெளியில் முயலைக் கண்ணால் கண்டு துரத்தியவை. கோம்பையும் இராசபாளையமும் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பெயர்பெற்றவை. வேட்டை இன்று சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது, அது சரியே. மந்தைகள் குறைந்தன, தோட்டங்கள் மனைகளாயின. ஆனால், தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த அந்தக் கால்களும் மூக்கும் துடிப்பும் சட்டத்தைப் படித்துவிட்டு மறைந்துவிடவில்லை. வேலை போயிற்று, வேலைக்கான அறிவு எஞ்சி நிற்கிறது. அவ்வறிவை என்ன செய்வதென்று அறியாத நாய், செருப்பைக் கடிக்கிறது, மண்ணைத் தோண்டுகிறது, தன் வாலையே துரத்துகிறது. நம் கண்ணுக்கு அது குறும்பு. நாய்க்கோ அது தானே தேடிக்கொண்ட வேலை.

தெரிந்து தெளிவோம்

இந்திய அஞ்சல்துறை 2005 ஆம் ஆண்டில் இந்திய நாயினங்கள் நான்கினைச் சிறப்பித்து அஞ்சல்தலைகள் வெளியிட்டது. அவற்றுள் ஒன்று இராசபாளையம் நாய். மற்றவை இமயமலை ஆட்டுக்காவல் நாய், இராம்பூர் வேட்டை நாய், முதோல் வேட்டை நாய்.

மூக்கால் படிக்கும் உலகம்

நாயின் உள்ளத்திற்கு எது உணவு என்பதை அறிய, அதன் மூக்கிலிருந்து தொடங்க வேண்டும். மணத்தை உணரும் ஏற்பிகள் மனிதருக்கு ஏறத்தாழ 50 முதல் 60 இலட்சம் வரை உள்ளன. நாய்க்கோ அவை, இனத்திற்கு ஏற்ப, 10 கோடிக்கும் மேல். எண்ணிக்கையைவிட அமைப்பு வியப்பூட்டுவது. நாம் மூச்சை உள்ளிழுத்த வழியே வெளிவிடுகிறோம். அதனால் மணம் கலைந்துபோகிறது. நாயின் மூக்கில் பக்கவாட்டில் சிறு பிளவுகள் உள்ளன. வெளிவிடும் மூச்சு அவற்றின் வழியே பின்புறமாக வெளியேறுவதால், முன்புறத்திலிருந்து புதுமணம் தடையின்றி உள்ளே வந்துகொண்டிருக்கும். மோப்பம் பிடிக்கும்போது ஒரு நொடிக்கு ஏறத்தாழ ஐந்துமுறை அது காற்றை இழுக்கிறது. இவையன்றி, மேல்வாய்க்கு மேலுள்ள யாக்கோப்சன் உறுப்பு, பிற நாய்கள் விட்டுச்சென்ற வேதிக்குறிகளை அறிய உதவுகிறது.

தெருமுனை மின்கம்பத்தருகே நாய் நின்றுவிட்டால் நாம் வாரைப் பிடித்து இழுக்கிறோம். அக்கம்பம் அதற்குப் பள்ளி அறிவிப்புப் பலகை. யார் வந்தார், ஆணா பெண்ணா, எவ்வளவு நேரத்திற்கு முன் சென்றார் என்னும் செய்திகளெல்லாம் அங்கே எழுதப்பட்டுள்ளன. பாதி படித்துக்கொண்டிருக்கும்போது நம் கையிலிருக்கும் நாளிதழை யாரேனும் பிடுங்கினால் நமக்கு எப்படி இருக்கும்?

இது வெறும் உவமையன்று. சார்லட் துரான்டன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்துகிறது. வளர்ப்பு நாய்கள் இருபதை அவர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவு, ஒளித்துவைத்த உணவை மோப்பத்தால் தேடப் பழகியது. மற்றொரு பிரிவு, உரிமையாளரின் குதிகாலை ஒட்டி ஒழுங்காக நடக்கப் பழகியது. இரண்டிலும் உணவு பரிசாகக் கிடைத்தது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரு சோதனை நடந்தது. ஓரிடத்தில் வைத்த கிண்ணத்தில் எப்போதும் உணவு இருக்கும். வேறோர் இடத்தில் வைத்த கிண்ணத்தில் ஒருபோதும் இருக்காது. இரண்டிற்கும் இடைப்பட்ட இடத்தில் கிண்ணத்தை வைத்தால் நாய் எவ்வளவு விரைவாக அதை நாடுகிறது? உணவு இருக்கும் என்று நம்பும் நாய் விரைந்து செல்லும். இராது என்று கருதும் நாய் தயங்கும். இரண்டு வாரப் பயிற்சிக்குப்பின், மோப்பம் பிடித்த நாய்கள் முன்னைவிட விரைந்து சென்றன. ஒழுங்காக நடந்த நாய்களிடம் அம்மாற்றம் இல்லை. மூக்கைப் பயன்படுத்த விட்டதனாலேயே உலகைப் பற்றிய நம்பிக்கை சற்றுக் கூடியது எனலாம்.

தெரிந்து தெளிவோம்

நாயின் கண்ணில் நிறமறியும் கூம்பு செல்கள் இருவகை. மனிதர் கண்ணில் மூவகை. எனவே, நீலமும் மஞ்சளும் நாய்க்குத் தெளிவாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் வேறுபடா. புல்தரையில் எறிந்த சிவப்புப் பந்தை நாய் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை, முகர்ந்தே கண்டுபிடிக்கிறது. விளையாட்டுப் பொருள் வாங்கும்போது நீலநிறத்தைத் தேர்வது நன்று.

அடங்கிய நாயும் அமைதியான நாயும்

‘எங்கள் வீட்டு நாய் கட்டிய இடத்தில் பேசாமல் படுத்திருக்கும், மிகவும் நல்ல நாய்’ என்று பெருமையாகக் கூறுவோரைக் கண்டிருக்கிறேன். நாய் ஒரு நாளில் பாதிநேரம்வரை உறங்கும் இயல்புடையதுதான். ஓடி, முகர்ந்து, விளையாடியபின் நாய் உறங்குவது அமைதி. எதைச் செய்தும் பயனில்லை என்று உணர்ந்து படுத்துவிடுவது வேறு.

1967 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலார் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் செய்த சோதனை ஒன்று உளவியல் பாடநூல்களில் இன்றும் பேசப்படுகிறது. கொடிய சோதனைதான்; அதில் ஐயமில்லை. தாம் என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்குச் சில நாய்கள் உட்படுத்தப்பட்டன. பின்னர், தாழ்வான தடுப்பு ஒன்றைத் தாண்டினாலே தப்பிவிடலாம் என்னும் நிலையில் அவை விடப்பட்டன. அவற்றுள் பல தாண்ட முயலவே இல்லை. படுத்தவாறே துன்பத்தை ஏற்றுக்கொண்டன. இதனைக் ‘கற்றுக்கொண்ட இயலாமை’ என்று அவர்கள் பெயரிட்டனர். சங்கிலியை மின்னதிர்ச்சியோடு ஒப்பிட நான் துணியவில்லை. ஆனால், தன் செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிட்டால் ஓர் உயிர் எவ்வாறு சுருங்கிப்போகும் என்பதை அச்சோதனை காட்டிவிட்டது.

இதன் மறுபக்கத்தைச் சுவீடன் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. அது 2014 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் ஈடுபட்டவை பீகிள் இன நாய்கள். ஒரு முறையில், நாய் நெம்புகோலை அழுத்துதல் போன்ற ஒரு செயலைச் செய்தால் பரிசுக்கான வழி திறக்கும். மற்றொரு முறையில், நாய் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் அதே பரிசு, அதே கால இடைவெளியில் கிடைக்கும். தம் முயற்சியால் வழி திறந்த நாய்கள் வாலையாட்டித் துள்ளின. மறுமுறை களத்தினுள் நுழைய ஆர்வம் காட்டின. முயற்சிக்குத் தொடர்பின்றிப் பரிசு பெற்றபோது அவை உள்ளே வரத் தயங்கின. பரிசில் குறைவில்லை, குறைந்தது ‘நான் செய்தேன்’ என்னும் உணர்வு. கணக்கொன்றைத் தானே போட்டு விடை கண்ட மாணவர், விடையை மட்டும் பார்த்து எழுதிய மாணவர் ஆகிய இருவரின் முகங்களையும் வகுப்பறையில் அன்றாடம் காணும் எனக்கு இம்முடிவு வியப்பளிக்கவில்லை.

பணியாரச் சட்டியில் ஒரு புதிர்

நாய்க்கு மனத்தூண்டல் தருவதற்குப் பெரும்பொருள் வேண்டுமோ என்னும் ஐயம் எழலாம். கடைகளில் விலையுயர்ந்த புதிர்ப்பலகைகள் விற்கின்றன. அவற்றை வாங்கவேண்டிய தேவையில்லை. நம் அடுக்களையே போதும்.

குழிப்பணியாரச் சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குழிகள் சிலவற்றில் வேகவைத்த முட்டைத் துண்டையோ கேரட் துண்டையோ இடுங்கள். எல்லாக் குழிகளையும் பந்துகளால் மூடுங்கள். எந்தப் பந்துக்குக் கீழே உணவு இருக்கிறது என்பதை மூக்கு சொல்லும். பந்தை எவ்வாறு அகற்றுவது என்பதை மூளை கண்டுபிடிக்க வேண்டும். முதல்நாள் நாய் சட்டியையே கவிழ்த்துவிடும். கவிழ்க்கட்டும், அதுவும் ஒரு விடைதான். பந்துகள் நாயின் வாய்க்குள் முழுதாகப் புகாத அளவினவாக இருத்தல் கட்டாயம். சிறிய பந்து தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஊறு நேரும்.

பழைய துண்டு ஒன்றில் உணவைத் தூவிச் சுருட்டிக் கொடுக்கலாம். அட்டைப்பெட்டியில் கசக்கிய செய்தித்தாள்களை நிரப்பி, இடையிடையே உணவை மறைக்கலாம். துணியையோ தாளையோ விழுங்கும் வழக்கமுள்ள நாய்க்கு இவ்விரண்டும் ஆகா. வீட்டில் எவரேனும் ஒளிந்துகொண்டு பெயர்சொல்லி அழைக்க, நாய் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் சிறுவர்க்கும் நாய்க்கும் மகிழ்ச்சி சமம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். புதிரில் வைக்கும் உணவு, அன்றாட உணவின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்; கூடுதலாக அன்று. தட்டில் வைத்து இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோகும் உணவை, இருபது நிமிடம் தேடி உண்ணச்செய்வதே நோக்கம். வெங்காயம், திராட்சை, சாக்லேட்டு, சைலிட்டால் கலந்த இனிப்புகள் ஆகியன நாய்க்கு நஞ்சு. சமைத்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

புதிர் கடினமாகிவிட்டால் நாய் சலித்து விலகும். எளிதாகிவிட்டால் ஆர்வம் குன்றும். சற்றே முயன்றால் எட்டும் உயரத்தில் வைப்பதுதான் நுட்பம். கற்பித்தல் தொழிலின் மறைபொருளும் அதுவே. நாயிடம் அதைக் கற்க நேர்ந்தது என் பேறு.

நடைப்பயிற்சியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். நாயை அழைத்துச்செல்லும் அரைமணி நேரத்தில் பத்து நிமிடத்தையேனும் அதற்கென்றே விட்டுவிடுங்கள். அது நிற்குமிடத்தில் நில்லுங்கள். முகர்ந்து முடிக்கும்வரை காத்திருங்கள். அதே தெருவில் நாள்தோறும் செல்லாமல் வழியை மாற்றுங்கள். கோடையில் வெயில் ஏறுமுன் அல்லது இருட்டியபின் செல்வதே நல்லது. தார்ச்சாலையில் புறங்கையைச் சில நொடிகள் வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க இயலவில்லையெனில் அதன் பாதமும் பொறுக்காது.

சொற்களைக் கற்ற நாய்

நாயால் எவ்வளவு கற்க முடியும்? அமெரிக்காவின் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜான் பில்லி என்னும் உளவியல் பேராசிரியர் பணி ஓய்வுக்குப்பின் இவ்வினாவைக் கையில் எடுத்தார். 2004 ஆம் ஆண்டில் பிறந்த சேசர் என்னும் பார்டர் கோலி இனப் பெண்நாயைத் தம் மாணவியாக்கினார். அவ்வினம் ஆடு மேய்ப்பதற்கென உருவானது. மூன்றாண்டுக் காலம், நாள்தோறும் பலமணி நேரம், விளையாட்டாகவே பயிற்சி நடந்தது. முடிவில், 1022 பொருள்களின் பெயர்களைச் சேசர் தனித்தனியே அறிந்திருந்தது. அறிந்த பொருள்களுக்கிடையே புதிய பொருளொன்றை வைத்து, இதுவரை கேளாத பெயரைச் சொன்னால், ‘பெயர் அறியாத பொருள் இதுவாகத்தான் இருக்கும்’ என உய்த்துணர்ந்து அதனை எடுத்துவந்தது. இவ்வாய்வு 2011 ஆம் ஆண்டில் வெளியானது. எல்லா நாயும் சேசர் ஆகிவிடாது. எவரும் நாள்தோறும் பலமணி நேரம் செலவிடவும் முடியாது. ஆயினும், பந்து, கயிறு, செருப்பு என ஐந்து பொருள்களின் பெயர்களை நாள்தோறும் ஐந்து நிமிடம் கற்பித்துப் பாருங்கள். தமிழிலேயே கற்பியுங்கள், அதற்கு மொழித்தடை இல்லை.

முதுமையிலும் இப்பயிற்சி கைவிடத்தக்கதன்று. நாய்களுக்கும் மனிதரைப்போலவே மறதிநோய் வரும். பழகிய வீட்டில் வழி தவறும். இரவில் உறங்காமல் நடக்கும். மூலையில் சென்று நின்று திரும்பத் தெரியாமல் திகைக்கும். கனடா நாட்டின் டொராண்டோ ஆய்வாளர்கள் வயதான பீகிள் நாய்களை இரண்டாண்டுகள் கண்காணித்தனர். தோழமை, விளையாட்டுப்பொருள், நடை, கற்றல்பயிற்சி ஆகியவற்றோடு, ஆக்சிசனேற்றத்தைத் தடுக்கும் சத்துகள் சேர்ந்த உணவும் பெற்ற நாய்களிடம் அறிவுத்தேய்வு மெதுவாகவே நிகழ்ந்தது. 2005 ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது.

சட்டம் சொல்வது

1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தைப் பலரும் அடித்தல், துன்புறுத்தல் ஆகியவற்றிற்கான சட்டம் என்றே அறிவர். அதன் 11 ஆவது பிரிவு மேலும் நுட்பமானது. அளவுக்கு மீறிக் குறுகிய அல்லது கனத்த சங்கிலியால் ஒரு விலங்கை நெடுநேரம் கட்டிவைத்தல் குற்றம். வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி அளிக்காமல் உரிமையாளர் புறக்கணித்தலும் குற்றம். எங்கள் வேப்பமரத்தடியில் நடந்தது குற்றம் என்று சொல்லும் சட்டம், நான் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்தவர் எங்கள் தெருவில் எவரும் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது நாட்டுநாய். மழைக்காலம் ஒன்றில் வாயில்படியில் வந்து ஒதுங்கியது, பின்னர்ப் போகவில்லை. பதின்மூன்று வயதாகிறது. பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன, இடக்கண்ணில் புரை படர்ந்திருக்கிறது. மாலையில் நான் வந்ததும் பழைய துண்டைச் சுருட்டிக் கூடத்தில் வைப்பேன். காது சரியாகக் கேளாத அந்த நாய், துண்டை எடுக்கும் மணத்தை எங்கிருந்தோ அறிந்து மெல்ல எழுந்து வரும். மூக்கால் தள்ளித்தள்ளிச் சுருளை அவிழ்க்கும். கடைசி மடிப்பில் கேரட் துண்டு இருக்கும். அதைக் கண்டெடுத்ததும் உடனே உண்ணாது; வாயில் கவ்வியவாறு தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ வளரும் நாயை உரிமையாளரின் இசைவோடு ஒரு வாரம் உற்றுநோக்குக. அது உறங்கும் நேரம், முகரும் இடங்கள், குரைக்கும் வேளைகள், கட்டப்பட்டிருக்கும் நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிவு செய்து வகுப்பறையில் பகிர்க.

2. உங்கள் வட்டாரத்தில் நாயின் நிறம், உடலமைப்பு, குணம் ஆகியவற்றைக் குறிக்க வழங்கும் சொற்களை முதியவர்களிடம் கேட்டுத் தொகுக்க.

3. ‘எடுத்தனூர்க் கோவிவனும் எங்கள் தெரு நாயும் சந்தித்தால்...’ என்னும் தலைப்பில் உரையாடல் ஒன்று எழுதுக.